கட்டடச் செலவு ஷீட்டில் கணக்கு உதைக்கிறதா? அறிகுறியை வைத்துப் பிடியுங்கள்

சொந்த வீடு கட்டுகிறவர்கள் எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ போட்டு வைத்திருக்கும் செலவுக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஃபைலை அனுப்பும்போதே பலரும், "கணக்கு உதைக்குது சார், மேஸ்திரி மேலதான் சந்தேகம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். திறந்து பார்த்தால் தப்பு பெரும்பாலும் ஷீட்டுக்குள்ளேயே இருக்கும். ஆளைக் கேட்பதற்கு முன்னால் ஷீட்டைக் கேளுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஷீட்டின் ஒரே ஒரு கட்டத்தில் (செல்) இருக்கும் பிழையால் பல வருடப் பழக்கம் முறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஷீட்டில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும். சூத்திரங்களின் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறேன். ஷீட்டில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். தொடங்கும் முன் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

## கூட்டுத்தொகை பூஜ்யம் என்று வருகிறது, அல்லது குறைவாக வருகிறது

எண்கள் எல்லாம் கண்ணெதிரே இருக்கும், கூட்டினால் வராது. முதல் காரணம், அந்த எண்ணை ஷீட் எண்ணாக எடுத்துக்கொள்ளவில்லை, வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது. கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்கிறதா பாருங்கள். எண் வலப்பக்கம் நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். எக்செல்லில் கட்டத்தின் மேல் மூலையில் குட்டியாகப் பச்சை முக்கோணம் தெரிந்தாலும் இதே சந்தேகம்தான்.

நம் ஊரில் இது வரும் வழிகள் நான்குதான். "450/-" என்று பில் எழுதுகிற பழக்கத்தில் தட்டுவது. "ரூ. 450" என்று போடுவது. "40 மூட்டை" என்று அளவையும் அலகையும் ஒரே கட்டத்தில் எழுதுவது. அப்புறம், வாட்ஸப்பில் கடைக்காரர் அனுப்பிய விலைப்பட்டியலை அப்படியே ஒட்டுவது. அதில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று கூடவே வந்துவிடும்.

எத்தனை கட்டம் இப்படி இருக்கிறது என்று தெரிய, அந்த நெடுவரிசைக்கு ஒரு கவுண்ட் சூத்திரமும் ஒரு கவுண்ட்-ஏ சூத்திரமும் போடுங்கள். முதலாவது எண்களை மட்டும் எண்ணும், இரண்டாவது காலியில்லாத எல்லாவற்றையும் எண்ணும். 60-க்கு 53 என்று வந்தால் ஏழு கட்டங்கள் கூட்டலில் சேரவில்லை. தலைப்புக் கட்டத்தைச் சேர்க்காமல் எண்ணுங்கள்.

சரி செய்ய: வெறும் எண்ணாகத் தெரிந்தும் எழுத்தாக இருப்பவற்றுக்கு, எக்செல்லில் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து டேட்டா மெனுவில் "டெக்ஸ்ட் டு காலம்ஸ்" போய், ஒன்றும் மாற்றாமல் ஃபினிஷ் அழுத்தினால் பெரும்பாலும் எண்ணாகிவிடும். "/-", "ரூ.", "மூட்டை" ஆகியவற்றை ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸில் காலியாக மாற்றுங்கள். இனிமேல் அலகுக்குத் தனி நெடுவரிசை. 40 ஒரு கட்டத்தில், மூட்டை பக்கத்துக் கட்டத்தில்.

ஒரு எச்சரிக்கை. கட்டங்களைக் கூட்டல் குறி போட்டுக் கூட்டினால் எழுத்தாக இருக்கும் 450-ஐயும் எக்செல் சேர்த்துக்கொள்ளும். சம் சூத்திரம் அதே கட்டத்தைத் தாண்டிப் போய்விடும். இரண்டு இடத்தில் இரண்டு தொகை வந்து குழம்பினால் காரணம் இதுவாக இருக்கும்.

## புதிதாக வரிசை சேர்த்தும் மொத்தம் மாறவில்லை

மொத்தக் கட்டத்தை இருமுறை சொடுக்குங்கள். கூட்டப்படும் பகுதியைச் சுற்றி நிறக்கோடு தெரியும். நேற்று சேர்த்த பில் அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தால் விஷயம் முடிந்தது. கோட்டை இழுத்து உள்ளே கொண்டுவாருங்கள். மறுபடி வராமல் இருக்க, மொத்தத்தை அடியில் போடாமல் ஷீட்டின் தலையில் போடுங்கள். எக்செல் என்றால் பட்டியலைக் கன்ட்ரோல்-டி அழுத்தி டேபிளாக்கிவிடுங்கள்.

கோடு சரியாக இருந்தும் மாறவில்லை என்றால் எக்செல்லில் எஃப்9 அழுத்துங்கள். உடனே மாறினால், கணக்கிடும் முறை "மேனுவல்" என்று இருக்கிறது. ஃபார்முலாஸ் மெனுவில் கால்குலேஷன் ஆப்ஷன்ஸ் போய் ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். அன்று முதலில் திறந்த ஃபைல் எந்த முறையில் இருந்ததோ அதே முறையில்தான் அடுத்துத் திறக்கும் ஃபைலும் ஓடும். அதனால் வேறு யாருடைய ஃபைலோ உங்கள் கணக்கை நிறுத்தி வைத்திருக்கலாம்.

## அளவு கொஞ்சம் கொஞ்சமாகத் தப்புகிறது: டைல் பத்தவில்லை, பூச்சு கூடுதலாக வருகிறது

நான் அதிகமாகச் சரிசெய்த பிழை இதுதான்.

ஒரு வீட்டில் டைல் ஒட்டி முடித்ததும் இரண்டு பெட்டி கூடுதலாக வாங்க வேண்டி வந்தது. வீட்டுக்காரர் ஷீட்டைக் காட்டி, சதுர அடி இவ்வளவுதான், டைல் எங்கே போனது என்று கேட்டார். டைல்ஸ் மேஸ்திரி, "அண்ணே, ஒரு டைலக்கூட நான் எடுத்துட்டுப் போகலண்ணே" என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார். ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். படுக்கை அறை: நீளம் 10.1, அகலம் 12.6. பெருக்கினால் 127.26 சதுர அடி. வரைபடத்தில் அதே அறை 10 அடி 10 அங்குலம், 12 அடி 6 அங்குலம். அவர் 10.10 என்று தட்டியிருக்கிறார். ஷீட் கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டு 10.1 என்று வைத்துக்கொண்டது. உண்மையான பரப்பு 10.83 பெருக்கல் 12.5, அதாவது 135.4 சதுர அடி. ஒரே அறையில் எட்டு சதுர அடி போயிற்று. இரண்டுக்கு இரண்டு டைலில் இரண்டு டைல். எல்லா அறைக்கும் சேர்த்தால் அந்த இரண்டு பெட்டி வந்துவிட்டது. வீட்டுக்காரர் அன்றைக்கே மேஸ்திரியிடம் வருத்தம் சொன்னார். ஆனாலும் அந்த மனிதரின் முகம் எனக்கு மறக்கவில்லை.

கண்டுபிடிக்கும் வழி எளிது. நீள அகல நெடுவரிசையில் எண்கள் .3, .6, .9 என்று நிறைய முடிகிறதா? அது அங்குலத்தைப் புள்ளிக்குப் பின்னால் எழுதியதன் அடையாளம். சரியாகப் போட்ட ஷீட்டில் .25, .5, .75 தான் அதிகம் தெரியும், ஏனென்றால் 3 அங்குலம் கால் அடி, 6 அரை, 9 முக்கால். இன்னொன்று, இந்த முறையில் 10 அடி 1 அங்குலமும் 10 அடி 10 அங்குலமும் ஒரே எண்ணாகிவிடும். அதனால் எண்ணை வைத்துப் பின்னோக்கித் திருத்த முடியாது. வரைபடத்தையோ டேப்பையோதான் எடுக்க வேண்டும்.

சரி செய்ய, அடிக்கு ஒரு நெடுவரிசை, அங்குலத்துக்கு ஒரு நெடுவரிசை, மூன்றாவதில் =ஏ2+பி2/12. இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

## அளவு பல மடங்கு தப்புகிறது

12 மடங்கு என்றால் கான்கிரீட் கனத்தைப் பாருங்கள். தளம் 1000 சதுர அடி, கனம் 5 அங்குலம். 1000 பெருக்கல் 5 என்று போட்டால் 5000 கன அடி வரும். 5-ஐ 12-ஆல் வகுத்துப் போட்டால் 416.67 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். எம்20 கலவைக்கு, சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3 விகிதத்தில், ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட் என்று வைத்தால் தளத்துக்கு 95 மூட்டை அளவில் வர வேண்டும். ஷீட் ஆயிரத்துக்கு மேல் கேட்டால் அங்குலம் அடியாக மாறவில்லை.

100 மடங்கு என்றால் சதுரத்தையும் யூனிட்டையும் பாருங்கள். சென்ட்ரிங், பூச்சு, பெயிண்ட் வேலைக்குக் கூலி சொல்லும்போது சிலர் சதுர அடிக்குச் சொல்வார்கள், சிலர் சதுரத்துக்கு. ஒரு சதுரம் 100 சதுர அடி. எம்-சாண்டும் ஜல்லியும் யூனிட்டில் வரும், ஒரு யூனிட் 100 கன அடி. விலை யூனிட்டுக்கு, அளவு கன அடியில் என்று இருந்தால் மணலுக்கு மட்டும் ஒரு வீட்டு விலை வரும். இப்போது பல குவாரிகள் டன்னில் பில் போடுகின்றன. ஒரு யூனிட் எம்-சாண்ட் நாலரை டன் அளவில் இருக்கும், ஈரத்தைப் பொறுத்து மாறும். அதனால் டன்னை யூனிட்டாக மாற்றி எழுதாமல், பில் எந்த அலகில் இருக்கிறதோ அதையே எழுதுங்கள்.

35 மடங்கு என்றால் கன மீட்டரும் கன அடியும் கலந்திருக்கிறது (ஒரு கன மீட்டர் 35.3 கன அடி). ரெடிமிக்ஸ் கன மீட்டரில் வரும். வீட்டுக் கணக்கு கன அடியில் இருக்கும். 10.76 மடங்கு என்றால் சதுர மீட்டரும் சதுர அடியும் கலந்திருக்கிறது.

கம்பிக்கு மட்டும் தனியாக ஒரு சோதனை. மில்லி மீட்டரில் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை கிலோவில் கிடைக்கும். 12 எம்எம் கம்பிக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.67 கிலோ. 8 எம்எம் ஒன்று 4.74, 10 எம்எம் ஒன்று 7.41, 16 எம்எம் ஒன்று ஏறக்குறைய 19. சைட்டில் கம்பிகளை எண்ணி இதால் பெருக்கி எடை மேடைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். சின்ன வித்தியாசம் வரத்தான் செய்யும்.

எப்போது நிறுத்துவது: அலகெல்லாம் சரிபார்த்த பிறகும், போட்ட கம்பி வரைபடத்தில் உள்ளதைவிடத் தெளிவாகக் குறைவாக வந்தால் ஷீட்டை மூடிவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், அதுவும் கான்கிரீட் போடுவதற்கு முன்னால். கூடுதலாக வந்தாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். ஷீட்டில் பட்ஜெட் தாண்டுகிறது என்பதற்காகக் கம்பியைக் குறைக்கச் சொல்லாதீர்கள். அந்த முடிவு உங்களுடையதும் இல்லை, மேஸ்திரியுடையதும் இல்லை.

## மதிப்பீடு, செலவு ஒப்பீட்டில் ஒரு பொருள் குறைவாகத் தெரிகிறது

சிமெண்ட் 400 மூட்டை வாங்கியது நினைவிருக்கிறது, சுருக்கப் பக்கம் 260 என்கிறது. சம்இஃப் சூத்திரம் பெயரை எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும். நீங்கள் "சிமெண்ட்" என்று எழுத, உங்கள் வீட்டில் "சிமென்ட்" என்று எழுத, மச்சான் "சிமண்ட்" என்று எழுதினால் அது மூன்று பொருள். பின்னால் ஒரு இடைவெளி தட்டியிருந்தால் நான்காவது பொருள்.

பொருள் நெடுவரிசையில் ஃபில்டர் போட்டுப் பட்டியலைத் திறங்கள். எத்தனை வகையாக எழுதியிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். இடைவெளிக்கு டிரிம், எழுத்து வித்தியாசத்துக்கு ரிப்ளேஸ். பிறகு டேட்டா வேலிடேஷனில் பொருள் பட்டியலைக் கொடுத்து, தேர்ந்தெடுக்க மட்டும் விடுங்கள். மூன்று பேர் தட்டுகிற ஷீட்டில் இது இல்லாமல் ஓட்ட முடியாது.

பெயர்கள் சரி, ஆனால் ரூபாய் மட்டும் உதைக்கிறது என்றால் ஜிஎஸ்டியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. பழைய ஷீட்டில் சூத்திரத்துக்குள்ளேயே 1.28 என்று எழுதி வைத்திருப்பார்கள், அது அப்படியே கிடக்கும். அதைவிட அடிக்கடி வருவது வரியை இரண்டு தடவை போடுவது. கடைக்காரர் சொன்ன 354 ரூபாய் வரியோடு சேர்ந்த விலை. ஷீட் அதை மறுபடி 1.18-ஆல் பெருக்கி 417.72 ஆக்கும். வரி விகிதத்தை மேலே தனிக் கட்டத்தில் வைத்து, விலை நெடுவரிசையின் தலைப்பிலேயே "வரி உட்பட" அல்லது "வரி நீங்கலாக" என்று எழுதுங்கள்.

## மாதவாரிச் செலவு தாறுமாறாக இருக்கிறது

ஏப்ரல் 5-ஆம் தேதி வாங்கிய செங்கல் மே மாதத்தில் நிற்கிறதா? 05/04 என்று நீங்கள் நாள், மாதம் என்று எழுதியதை ஷீட் மாதம், நாள் என்று படித்திருக்கிறது. 13/04 என்று எழுதினால் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் அது தேதியாகவே மாறாமல் எழுத்தாக இடப்பக்கம் நிற்கும். அதனால் 1 முதல் 12 வரையான நாட்கள் தவறான மாதத்திலும், 13 முதலான நாட்கள் எந்த மாதத்திலும் சேராமலும் இருக்கும். இந்த இரண்டும் ஒரே ஷீட்டில் தெரிந்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

கூகுள் ஷீட்டில் ஃபைல் மெனு, செட்டிங்ஸ், லொக்கேல் போய் இந்தியா ஆக்குங்கள். எக்செல்லுக்கு விண்டோஸின் ரீஜன் அமைப்பில் மாற்ற வேண்டும். இது இனிமேல் தட்டுவதற்குத்தான் உதவும். ஏற்கெனவே இடம் மாறிய தேதிகளைப் பில்லைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும், குறுக்கு வழி இல்லை.

## ஷீட்டில் பணம் மிச்சம் இருக்கிறது, கையில் இல்லை

இங்கே சூத்திரம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஷீட்டில் கேட்கப்படாத கேள்விகள்தான் காரணம்.

முதலில் முன்பணத்தைப் பாருங்கள். கதவு நிலைக்கும் ஜன்னலுக்கும் கொடுத்த அட்வான்ஸ், பில் வராததால் எழுதப்படாமல் இருக்கும். அடுத்து சனிக்கிழமைப் பட்டுவாடா. கொத்தனார் இத்தனை பேர், சித்தாள் இத்தனை பேர் என்று எழுதாமல் கையிலிருந்து ரொக்கமாகக் கொடுத்த கூலி, டீ காசு, லாரி இறக்கு கூலி எல்லாம் அந்த வாரமே எழுதவில்லையென்றால் மறந்துபோகும். மூன்றாவது, இது எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும்: ஹார்டுவேர் கடைப் பாக்கி. பொருள் சுவருக்குள் போய்விட்டது, காசு இன்னும் கொடுக்கவில்லை, ஷீட்டில் அது மிச்சமாகத் தெரிகிறது. அந்த மிச்சத்தை நம்பி கிரானைட் தேர்ந்தெடுத்துவிடுவார்கள்.

அதனால் "செலவு" என்று ஒரே நெடுவரிசை வைக்காதீர்கள். மதிப்பீடு, பேசி முடித்த தொகை, பில் வந்தது, கொடுத்தது, பாக்கி என்று ஐந்து வையுங்கள். கையில் இருக்கும் பணத்திலிருந்து, பேசி முடித்து இன்னும் கொடுக்காத தொகையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் தொடக்கூடிய பணம்.

அப்படியும் துண்டு விழுந்தால், மதிப்பீட்டிலேயே இல்லாத வேலைகளைத் தேடுங்கள். போர்வெல், சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், மின் இணைப்பு, பிளான் அனுமதிக் கட்டணம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும் விலையில் இவை பெரும்பாலும் வராது. ஒவ்வொன்றுக்கும் தொகை பூஜ்யமாக இருந்தாலும் ஒரு வரிசை திறந்து வையுங்கள். காலி வரிசை உங்களைக் கேள்வி கேட்கும்.

எப்போது வெளியாளைக் கூப்பிடுவது: மேஸ்திரியோ கான்ட்ராக்டரோ கேட்கும் தொகைக்கும் நடந்த வேலைக்கும் பொருந்தவில்லை என்று தோன்றினால், ஷீட்டை நீட்டி வாதம் செய்ய வேண்டாம். இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு சிவில் இன்ஜினியரை வைத்து, இரண்டு பேர் முன்னாலும் டேப் பிடித்து அளந்து கையெழுத்து வாங்குங்கள். வங்கிக் கடனுக்கான எஸ்டிமேட்டும் இன்ஜினியர் போட்டுக் கையெழுத்திட வேண்டியது. உங்கள் ஷீட் அவருக்குத் தகவல் கொடுக்க மட்டும்தான்.

## கட்டத்தில் எண்ணுக்குப் பதில் குறிகள் வருகின்றன

##### என்று நிறைந்திருந்தால் நெடுவரிசையை அகலமாக்குங்கள், அவ்வளவுதான். #வேல்யூ! என்றால் பெருக்கலில் எங்கோ எழுத்து இருக்கிறது, முதல் தலைப்புக்குப் போங்கள். #டிவ்/0! என்றால் வகுக்கும் கட்டம் காலி, அல்லது அதில் பூஜ்யம் இருக்கிறது. #ரெஃப்! மட்டும் கவலைப்பட வேண்டியது: சூத்திரம் தேடுகிற வரிசையையோ பக்கத்தையோ யாரோ நீக்கிவிட்டார்கள். உடனே கன்ட்ரோல்-இசட். சேமித்து மூடிவிட்டீர்கள் என்றால் முதலில் எடுத்து வைத்த நகல்.

"சர்க்குலர் ரெஃபரன்ஸ்" என்று எச்சரித்தால், மேற்பார்வைக் கட்டணமோ எதிர்பாராச் செலவோ மொத்தத்தில் இத்தனை சதவீதம் என்று போட்டு, அதையே மொத்தத்துக்குள்ளும் சேர்த்திருப்பீர்கள். வேலைகளின் மொத்தம் ஒன்று, அதற்குக் கீழே சதவீதம், அதற்கும் கீழே இறுதி மொத்தம் என்று பிரியுங்கள்.

## நேற்றுவரை சரியாக இருந்தது, இன்று பெயரும் தொகையும் மாறிக் கிடக்கின்றன

ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டார்கள், அல்லது நடுவில் ஒரு காலி நெடுவரிசை இருந்து அதற்கு அந்தப் பக்கம் அசையாமல் நின்றுவிட்டது. மொத்தம் மாறாது என்பதால் இது பல நாள் வெளியே தெரியாது. பிளம்பருக்குக் கொடுத்தது எலக்ட்ரீஷியன் பெயரில் நிற்கும்போதுதான் தெரியும்.

கூகுள் ஷீட் என்றால் ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி திறந்து, கடைசியாகச் சரியாக இருந்த நாளுக்குப் போய், அதற்குப் பின் சேர்த்த வரிசைகளை மட்டும் தனியாக எடுத்து ஒட்டுங்கள். எக்செல் ஃபைலை வாட்ஸப்பில் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தால் பழைய மெசேஜில் ஒரு நல்ல நகல் கிடைக்கக்கூடும். தேதி பார்த்து எடுங்கள். வரிசை எண்ணுக்கென்று ஒரு நெடுவரிசை முதலிலேயே வைத்திருந்தாலும், அது தொகையோடு சேர்ந்து நகர்ந்திருந்தால்தான் உதவும்.

இவை எதுவும் இல்லையென்றால் பில் கட்டை எடுத்து முதலிலிருந்து ஏற்ற வேண்டியதுதான். ஒரு வீட்டுக்கு முழு ஞாயிற்றுக்கிழமை ஒன்று போகும். ஒருவர் பில்லைப் படிக்க, ஒருவர் தட்டினால் சீக்கிரம் முடியும்.